மன்னனின் காது

1. இரண்டு மரண தண்டனைகள்

1560 நவம்பர் கடைசியில், பிரான்சின் ஓர்லியான் நகரில் இரண்டு பேர் சாவை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு அது தெரியும். அடுத்தவனுக்குத் தெரியாது.

தெரிந்தவன் கோந்தே இளவரசன் லூயி. அரச ரத்தம், குட்டை உருவம், துடுக்குப் பேச்சு, புராட்டஸ்டன்ட் சமயம். ‘மன்னர் கூப்பிடுகிறார், வா’ என்று வரவழைத்து, வந்த கையோடு அக்டோபர் 31 அன்று பிடித்து அடைத்துவிட்டார்கள். ராஜதுரோகக் குற்றம். நவம்பர் 26-ல் தீர்ப்பு வந்தது: தலையை வெட்ட வேண்டும். டிசம்பர் 10 என்று நாளும் குறித்ததாகச் சொல்வார்கள்.

தெரியாதவன், அந்தத் தண்டனை யார் பெயரால் நிறைவேற இருந்ததோ அந்த மன்னன். பிரான்சின் இரண்டாம் பிரான்சுவா. வயது 16. அவனுக்குக் காது வலி.

கோந்தேயின் கழுத்தில் கத்தி விழுவது முந்துமா, மன்னனின் காது முந்துமா? ஐரோப்பிய அரசியல் அந்தப் பத்து நாள் இந்தக் கேள்வியில்தான் தொங்கியது.

பிரான்சுவா பிறந்ததே பெரிய கதை. தாய் கேத்தரின் தெ மெடிசி இத்தாலியிலிருந்து மருமகளாக வந்து பத்து வருடம் பிள்ளையில்லாமல் பேச்சு வாங்கியவர். தள்ளிவைத்துவிடலாம் என்றுகூட அரண்மனையில் முணுமுணுத்தார்கள். 1544 ஜனவரியில் இவன் பிறந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை சோனியாக இருந்தான். மூக்கு எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும். மூக்குக்குப் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்து அடைத்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் ஊகம். அத்தோடு காது ஒழுகல். சின்ன வயதிலிருந்தே விட்டுவிட்டு வடியும் சீழ், கிட்டே போனால் வாடை. ராஜா வீட்டுப் பிள்ளை என்றாலும் சீக்காது சீக்காதுதான்.

14 வயதில் கல்யாணம், பாரிஸின் நோத்ர்தாம் ஆலயத்தில். மணப்பெண் ஸ்காட்லாந்தின் அரசி மேரி ஸ்டூவர்ட், இவனைவிட ஒரு வயதுக்கு மேல் மூத்தவள், இவனைவிட ஒரு முழம் உயரம். கைக்குழந்தையாக இருந்தபோதே அரசியானவள். ஐந்து வயதில் பிரான்சுக்கு வந்து இவனோடு ஒன்றாக வளர்ந்தவள். இருவருக்கும் நல்ல ஒட்டுதல் இருந்தது என்றே தெரிகிறது.

மறுவருடமே முடிசூட வேண்டியதாயிற்று. 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் ஒரு கொண்டாட்ட விளையாட்டு. தந்தை இரண்டாம் ஆன்ரி குதிரையேறி ஈட்டிப்போட்டியில் இறங்கினார். எதிராளியின் ஈட்டி முறிந்து, சிராய் ஒன்று தலைக்கவச இடுக்கு வழியாகக் கண்ணுக்கு மேல் புகுந்தது. ஜூலை 10-ல் மன்னர் இறந்தார். 15 வயதுப் பையன் தலையில் கிரீடம் ஏறியது.

பையன் அரசாளவில்லை, அவன் மனைவியின் தாய்மாமன்கள் ஆண்டார்கள். கலே துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து மீட்ட வீரர் கீஸ் கோமகன் படையை எடுத்துக்கொண்டார். அவர் தம்பி லொரேன் கார்டினல் கஜானாவை எடுத்துக்கொண்டார். சீர் கொடுக்க வேண்டிய தாய்மாமன்கள் ராஜ்யத்தையே சீராக வாங்கிக்கொண்டார்கள். இருவரும் தீவிரக் கத்தோலிக்கர்கள். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட புராட்டஸ்டன்ட்கள் கொதித்தார்கள். 1560 மார்ச்சில் ஆம்புவாஸ் கோட்டையில் மன்னனைக் கைப்பற்றி மாமன்களிடமிருந்து பிரிக்க ஒரு சதி நடந்தது. சதி உடைந்தது. அகப்பட்டவர்களைக் கோட்டை மாடத்திலேயே வரிசையாகத் தொங்கவிட்டார்கள். சதிக்குப் பின்னால் இருந்த மறைவான தலைவன் கோந்தே என்று கீஸ் சகோதரர்கள் நம்பினார்கள். ஆதாரம்தான் சிக்கவில்லை. அதற்காகத்தான் ஓர்லியானில் ஒரு மகாசபையைக் கூட்டி, அந்தச் சாக்கில் அவனை வலைக்குள் இழுத்தது.

இதற்கிடையில் மன்னனின் உடம்பைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசினார்கள். முகமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து கிடந்த காலத்தில், ‘ராஜாவுக்குக் குஷ்டம், குழந்தைகளின் ரத்தத்தில் குளிப்பாட்டப் போகிறார்கள்’ என்று புரளி கிளம்பியது. அரச பரிவாரம் வருகிறது என்றால் லுவார் கரைக் கிராமங்களில் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்களாம். பார்க்கப்போனால் அந்தப் பையனின் உடம்பில் ஆபத்து முகத்தில் இல்லை. இரண்டங்குலம் தள்ளி இருந்தது.

நவம்பர் நடுவில் ஒருநாள் வேட்டைக்குப் போய்வந்தவன் காது குடைகிறது என்றான். பிறகு மயங்கி விழுந்தான். குளிர்காற்று பட்டிருக்கும் என்றார்கள். காய்ச்சல் ஏறியது. கீஸ் சகோதரர்கள் அறைக்கதவைச் சாத்தினார்கள். வெனிஸ் தூதர் கேட்டாலும் இங்கிலாந்துத் தூதர் கேட்டாலும் ஒரே பதில்தான்: சாதாரணச் சளி, இரண்டு நாளில் எழுந்துவிடுவார். தூதர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. அவரவர் தலைநகருக்குக் கடிதம் பறந்தது.

பொய்க்குக் காரணம் இருந்தது. மன்னன் போனால் மாமன்களின் அதிகாரமும் அதோடு போயிற்று. அடுத்தவன் பத்து வயதுத் தம்பி சார்ல். அவனுக்குக் கீஸ் குடும்பத்தில் பெண் எடுக்கவில்லை. ஆகவே கோந்தேயின் தலை சீக்கிரம் விழ வேண்டும். ஆனால் கோப்பு நகரவில்லை. சான்சலர் மிஷேல் தெ லோபித்தால் நிதானமான மனிதர், சட்டம் படித்தவர். தண்டனைத்தாளில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். சான்செர் பிரபு என்ற கிழவர் போடவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அரசாங்கத் தாமதம் ஓர் உயிரைக் காப்பாற்றிய அபூர்வ சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

நவம்பர் முடியும் தறுவாயில் காதுக்குப் பின்னால் வீக்கம் கண்டது. வலியில் பையன் அலறினான்.

அப்போது அரண்மனையில் இருந்த ஒருவருக்கு மண்டை ஓட்டைத் துளைக்கத் தெரியும். அதற்கான கருவியும் அவரிடம் இருந்தது.

2. துளைப்பதா, விடுவதா

அவர் பெயர் ஆம்புருவாஸ் பாரே. லத்தீன் தெரியாது. படித்த வைத்தியர்கள் லத்தீனில் பேசி, நாடி பார்த்து, மருந்து எழுதுவார்கள். ரத்தத்தைத் தொட மாட்டார்கள். வெட்டுவதும் கட்டுவதும் நாவிதர் பட்டறையில் தொழில் பழகியவர்களின் வேலை. பாரே அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர். 1537-ல் இத்தாலியப் போர்முனையில், குண்டடிபட்ட புண்ணில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியின்றி முட்டைக் கரு, ரோஜாத் தைலம், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசிவிட்டு, விடிந்தால் எத்தனை பேர் செத்துக்கிடப்பார்களோ என்று தூங்காமல் கிடந்தார். காலையில் போய்ப் பார்த்தால் எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலில் துடிக்கிறார்கள். இவர் பூசியவர்கள் நிம்மதியாகக் கிடக்கிறார்கள். அன்றிலிருந்து ஏட்டைவிடக் கண்ணை நம்பியவர். நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்தார்.

அந்த நான்கு பேரில் முதல்வர் ஆன்ரி. கண்ணில் ஈட்டிச் சிராயோடு அவர் கிடந்தபோதும் பாரே கூடவே இருந்தார். பிரஸ்ஸல்ஸிலிருந்து உடற்கூற்று மேதை வெசாலியஸும் வந்து சேர்ந்தார். சிராய் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று பார்ப்பதற்காக, மரண தண்டனை நிறைவேறிய கைதிகளின் தலைகளை வரவழைத்து, அதே மாதிரி குத்திப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. பலனில்லை. அந்தத் தோல்வி பாரேயை விடவில்லை. தலைக்காயங்களுக்கென்றே தனி நூல் ஒன்றை எழுத உட்கார்ந்தார். அது 1561-ல் வெளிவந்தது. அதாவது, மகன் காது வலியில் துடித்த நாட்களில் தந்தையின் தலையைப் பற்றிய நூல் பாரேயின் மேசையில் இருந்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு நிலைத்துவிட்ட கதை இப்படிப் போகிறது. மண்டையைத் துளைத்துச் சீழை வெளியே விடலாம் என்றார் பாரே. மேரியும் மாமன்களும் சரி என்றார்கள். கேத்தரின் மறுத்தார். கதையை அப்படியே நம்பும் சரித்திர ஆசிரியர்கள் குறைவு. எனக்கும் அதன் கச்சிதம்தான் சந்தேகம் தருகிறது: நல்ல மருமகள், கெட்ட மாமியார், நடுவில் ஒரு கத்தி. ஆனால் கேத்தரின் மறுத்திருந்தால் அதில் வியப்பில்லை. பதினாறு மாதத்துக்கு முன்புதான் கணவரின் தலைமாட்டில் உலகின் சிறந்த இரண்டு கைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். மயக்க மருந்து வர இன்னும் 286 வருடம் இருந்தது. கருவியைக் கழுவ வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் பிறகுதான் வந்தது.

கத்தி இல்லையென்றால் படித்த வைத்தியர்களின் முறை. அவர்கள் பேதிக்குக் கொடுத்தார்கள்.

இது முட்டாள்தனம் போலத் தோன்றும். அவர்கள் கணக்கில் இல்லை. பழைய கிரேக்க வைத்தியத்தின்படி மூளை சளியை ஊறவைக்கும் உறுப்பு. அந்தக் கழிவு மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் இறங்க வேண்டும். இந்த மன்னனுக்கு மூக்கு அடைப்பு. ஆகவே கழிவு காது வழியாக வழிகிறது. காது ஒழுகினால் மூளை சுத்தமாகிறது என்று பொருள். ஒழுகல் நின்றால்தான் ஆபத்து. இப்போது நின்றுவிட்டது, சீழ் தேங்கிவிட்டது, உடம்பின் வேறு வாசலைத் திறந்துவிடுவோம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு அழகான வாதம். ஒரே ஒரு குறை, திசை தலைகீழ். அதைப் பிறகு பார்ப்போம்.

நடுவில் நோய் சற்றுத் தணிந்தது. காதில் சீழ் வழிந்து வலி குறைந்தது. மாமன்கள் நிமிர்ந்தார்கள். பிறகு மறுபடி காய்ச்சல், வலிப்பு. வைத்தியர்களைக் கீஸ் கோமகன் வாய்க்கு வந்தபடி திட்டினாராம்.

கேத்தரின் அழுதார், அழுதுகொண்டே கணக்கும் போட்டார். மகன் பிழைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தவன் சிறுவன், ஆட்சிப் பொறுப்பு யாருக்கு? முறைப்படி உரிமை கோரக்கூடியவர் அரச ரத்தத்தில் மூத்தவரான நவார் மன்னர் ஆந்துவான். அவர் யார்? சிறையில் கிடக்கும் கோந்தேயின் அண்ணன்! டிசம்பர் தொடக்கத்தில் கேத்தரின் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். தம்பி மரண தண்டனையில் இருக்கிறான், உங்கள் மீதும் சந்தேகம் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். ஆட்சிப் பொறுப்பில் எனக்கு உரிமை வேண்டாம் என்று ஆந்துவான் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கீஸ் சகோதரர்களோடு அவரைக் கட்டித்தழுவவும் வைத்தார் கேத்தரின். ஓர் அறையில் பிள்ளை செத்துக்கொண்டிருக்க, இன்னோர் அறையில் ராஜ்யத்தைப் பத்திரம் செய்துகொண்ட தாயை என்னவென்று சொல்வது? கல்நெஞ்சம் என்று எழுதியவர்கள் உண்டு. பாக்கி மூன்று ஆண்பிள்ளைகளின் உயிரும் அந்தப் பத்திரத்தில்தான் இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

டிசம்பர் 5 இரவு பிரான்சுவா இறந்தான். க்ரோலோ மாளிகை என்ற அந்தச் சிவப்புச் செங்கல் வீடு ஓர்லியானில் இன்றும் நிற்கிறது. இப்போது அங்கே கல்யாணங்கள் நடக்கின்றன. மேரிக்கு 18 நிறைய மூன்று நாள் பாக்கி. பிரெஞ்சு அரச வழக்கப்படி அவள் வெள்ளை உடுத்திக் கைம்மை காத்தாள்.

சவ ஊர்வலம் பரிதாபம். செத்த மன்னனால் யாருக்கு என்ன லாபம்? விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே செயின்ட் டெனிஸ் ஆலயம் வரை கூடப் போனார்கள். உயிரோடிருந்தவரை கட்டிலைச் சுற்றி நின்ற மாமன்களைக் காணோம்.

வெட்டுநாள் குறித்திருந்த கோந்தே வெளியே வந்தான். ஐந்து நாள் வித்தியாசம்!

ஜெனீவாவிலிருந்த சமயத் தலைவர் கால்வினுக்கு இதில் ஐயமே இல்லை: அப்பனைக் கண்ணில் அடித்த கடவுள் மகனைக் காதில் அடித்தார் என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதினார். கத்தோலிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. பாரே ரகசிய ஹியூகனாட்டு என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. மருந்து என்று சொல்லி மன்னனின் காதில் விஷத்தை ஊற்றியது அவர்தான் என்று புரளி கிளம்பியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் தூங்கும் மன்னனின் காதில் விஷம் ஊற்றுகிறார்களே, அந்தக் காட்சிக்கு ஓர்லியான் புரளியே விதை என்று ஊகிப்பவர்களும் இருக்கிறார்கள்.

காதில் விஷம் இருந்தது உண்மை. ஊற்றியவர்தான் யாருமில்லை. அது அங்கேயே ஊறி, தலைக்குள் ஏறியது. எப்படி ஏறியது என்று கண்டுபிடிக்க 201 வருடம் பிடித்தது. கண்டுபிடித்தவருக்கு அப்போது வயது 79.

3. ஒட்டுச்சுவர்

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். காது ஜவ்வுக்கு உட்புறம் இருக்கும் நடுக்காது ஒட்டுச்சுவர் வீடுகளின் நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன அறை. அதன் கூரைக்கு மேல் குடியிருப்பது மூளை. கூரை எலும்பு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பின்பக்கச் சுவருக்கு அப்பால் மூளையின் அழுக்கு ரத்தத்தைக் கழுத்துக்கு இறக்கும் பெரிய நாளம். அதற்கும் பின்னால் சிறுமூளை. சுவருக்குள்ளேயே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் தட்டுப்படும் மேடு மாஸ்டாய்டு எலும்பு. அதன் உள்ளே காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள். அறைகளெல்லாம் நடுக்காதோடு சேர்ந்தவை. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாயும் உண்டு. அந்தக் குழாயை விளக்கிய இத்தாலியர் பார்த்தொலோமியோ யூஸ்டாக்கி எழுதியது 1560-களின் தொடக்கத்தில், பிரான்சுவா இறந்து ஒன்றிரண்டு வருடத்தில். மூக்கடைப்பும் காது ஒழுகலும் ஏன் ஒரே பையனிடம் இருந்தன என்பதற்குச் சாவி அந்தக் குழாயில் இருந்தது.

நடுக்காதில் சீழ் கட்டினால் அது வெளியே வரப் பார்க்கும். ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் காது ஒழுகல். வழி அடைபட்டால் மாஸ்டாய்டு அறைகளின் மெல்லிய எலும்பைக் கரைத்து, தோலுக்கடியில் வீக்கமாக நிற்கும். ஓர்லியானில் கண்ட வீக்கம் இதுவாக இருந்திருக்க வேண்டும். இதுவரைக்கும் மோசமில்லை, சீழ் வெளிப்பக்கம் நோக்கித்தான் நகர்கிறது. உள்பக்கம் திரும்பினால்? கூரை எலும்பை அரித்து மூளை உறைக்கு மேல் குட்டையாகத் தேங்கலாம். உறையைத் தாண்டினால் மூளைச்சவ்வு அழற்சி: கழுத்து விறைக்கும், வெளிச்சம் கூசும், புத்தி தடுமாறும். பெரிய நாளத்துக்குள் புகுந்தால் ரத்தம் உறைந்து கட்டியாகி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறி இறங்கி ஏறும். எலும்பு அரிக்கப்படாமலேகூட, அதன் ஊடே ஓடும் நுண்ணிய நாளங்கள் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும்.

மிகவும் வஞ்சகமானது மூளைக்குள் கட்டும் சீழ்க்கட்டி. முதலில் காய்ச்சலும் தலைவலியும் காட்டும். பிறகு கட்டியைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டத் தொடங்கும். அந்த நாட்களில் நோயாளி தெளிவார். வீட்டார் நேர்த்திக்கடன் முடிக்கக் கிளம்புவார்கள். கட்டி உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒருநாள் வலிப்பு, பேச்சு இழப்பு, ஆழ்ந்த மயக்கம். பிரான்சுவாவின் மூன்று வாரத்தையும் நடுவில் வந்த தணிவையும் இதோடு வைத்துப் பார்த்துத்தான் மூளைச் சீழ்க்கட்டி என்று பலர் சொல்கிறார்கள். மூளைச்சவ்வு அழற்சி என்போரும் உண்டு. 460 வருடம் கழித்து நாடி பார்க்கிறோம். அடித்துச் சொல்ல முடியாது.

காதுக்கும் சாவுக்கும் உறவு உண்டு என்பது புதிய விஷயமல்ல. காதில் கடும் வலியோடு விடாத காய்ச்சலும் சேர்ந்தால் பிதற்றல் வந்து உயிர் போகலாம், அதிலும் இளவயதுக்காரர்கள் சீக்கிரம் போவார்கள் என்று கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல் சொல்லிவிட்டது. காதில் வெள்ளைச் சீழ் வந்தால் பிழைக்க வழி உண்டு என்றும் அதே நூல் சொல்கிறது. கண்ணால் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், தப்பே இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதற்கு விளக்கம் ஏற்றினார்கள்: மூளையில் சீழ் கட்டுகிறது, காது வழியாக வடிகிறது. இந்த விளக்கத்தை நம்பினால் ஒழுகும் காதை யாரும் குணப்படுத்தக் கூடாது என்றாகிவிடுகிறது. நல்ல வடிகாலை எவன் அடைப்பான்? ஓர்லியானில் வைத்தியர்கள் தவறிழைத்தது கவனக்குறைவால் அல்ல. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

பதுவா பல்கலைக்கழகத்தில் ஜொவான்னி பத்திஸ்தா மோர்கான்யி என்ற பேராசிரியர் ஆயுள் முழுவதும் பிணங்களைத் திறந்து பார்த்தவர். நோயாளி உயிரோடிருந்தபோது என்னென்ன சொன்னார் என்ற குறிப்பை ஒரு பக்கம், உள்ளே என்ன இருந்தது என்ற குறிப்பை மறுபக்கம் வைத்துச் சேர்த்துக்கொண்டே போனார். காதின் நுண்ணமைப்பை வரைந்த வால்சால்வா இவருடைய குரு. 1761-ல், 79-வது வயதில், 70 கடிதங்கள் வடிவில் பெரிய நூலாக வெளியிட்டார். அதில் காதும் மூளையும் சேர்ந்து சீழ் பிடித்த பிணங்களும் உண்டு. காது ஒழுகல் முந்தி வந்திருக்கிறது, தலைநோய் பிந்தி வந்திருக்கிறது. சீழ் காதிலிருந்து மூளைக்குப் போகிறது, மூளையிலிருந்து காதுக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாயிரம் வருடப் பாதையைப் பெரியவர் ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டார்.

திசை தெரிந்தால் காவல் போடும் இடமும் தெரிந்துவிடும். காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் திறந்து, சீழ் உள்ளே திரும்புமுன் வெளியே விட்டால் போதும். பாரிஸில் ழான் லூயி பெத்தி என்ற அறுவை மருத்துவர் அதற்கு முன்பே சில நோயாளிகளுக்கு இதைச் செய்து வெற்றியும் கண்டிருந்தார். அவர் எழுதிவைத்தது அச்சேறியது 1774-ல், அவர் இறந்து 24 வருடம் கழித்து. 1776-ல் பிரஷ்யப் படை மருத்துவர் யாஸர் ஒரு சிப்பாயின் மாஸ்டாய்டைத் திறந்தார். சீழ் போயிற்று, கூடவே சிப்பாய்க்குக் காதும் நன்றாகக் கேட்கத் தொடங்கியது.

இந்த ‘கூடவே’தான் வினையாயிற்று. சீழ் இருந்ததால் திறந்தார்கள் என்பது மறந்துபோய், திறந்தால் செவிடு போகும் என்பது மட்டும் நின்றது. காதில் சீழே இல்லாத செவிடர்களுக்கும் எலும்பைத் துளைக்கத் தொடங்கினார்கள். கோபன்ஹேகனில் பெர்கர் என்ற அரண்மனை வைத்தியர் காது கேளாமலும் ஓயாத இரைச்சலாலும் அவதிப்பட்டார். படித்தவர், வைத்தியர், தாமே முன்வந்து 1791-ல் காதுக்குப் பின்னால் துளையிட்டுக்கொண்டார். கழுவாத கருவி சுத்தமான எலும்பு வழியாக உள்ளே போயிற்று. பன்னிரண்டாம் நாள் மூளைச்சவ்வு அழற்சியில் இறந்தார்.

ஐரோப்பா முழுக்கச் செய்தி பரவியது. அரண்மனை வைத்தியரே செத்தார் என்றால் அப்புறம் யார் கத்தியை எடுப்பார்கள்? கத்தியை உறையில் போட்டார்கள். ஏற்கெனவே கிடைத்திருந்த சரியான வழி, தப்பான ஆளிடம் தப்பான காரணத்துக்குப் பயன்பட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேல் தீண்டத்தகாததாகிவிட்டது. அந்த அரை நூற்றாண்டில் எத்தனை காதுகள் ஓர்லியானின் கதையைத் திரும்ப நடத்தின என்பதற்குக் கணக்கு கிடையாது; அவர்கள் மன்னர்கள் இல்லையே.

மேரியை விட்டுவிட்டோம். 1561 ஆகஸ்டில் கலே துறைமுகத்தில் கப்பலேறி ஸ்காட்லாந்து போனாள். கணவன் இருந்திருந்தால் போயிருக்க மாட்டாள். 1587-ல் இங்கிலாந்தில் தலை வெட்டுப்பட்டும் செத்திருக்க மாட்டாள். கோந்தே வெளியே வந்து, 1562-ல் மூண்ட சமயப்போரில் ஹியூகனாட்டுப் படைக்குத் தலைமை ஏற்றான். அந்தப் போர்கள் ஓய முப்பது வருடத்துக்கு மேலாயிற்று. எல்லாவற்றையும் ஒரு காதின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கீஸ் சகோதரர்கள் இருந்த நாட்டில் போர் எப்படியும் வந்திருக்கும். ஆனால் வேறு ஆட்களோடு வந்திருக்கும்.

இனி நாம் போக வேண்டிய ஊர் டப்ளின். 1853-ல் அயர்லாந்தின் அந்தத் தலைநகரில் ஒரு கண்-காது மருத்துவர் தடித்த புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பெயர் வில்லியம் வைல்டு. காதை அலட்சியமாகப் பார்க்காதீர்கள் என்று சக வைத்தியர்களோடு மல்லுக்கு நின்றவர். காதுக்குப் பின்னால் வீங்கினால் எலும்பு வரை கீறிச் சீழை வெளியே விடுங்கள் என்று சொன்னவர்; அந்தக் கீறலுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒழுகும் காதை, ஒழுகட்டும் என்று விடாதீர்கள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அந்தப் புத்தகத்தில் எச்சரித்தார்.

புத்தகம் வந்த மறுவருடம் அக்டோபர் 16 அன்று அவர் மனைவி இரண்டாவது ஆண்குழந்தையைப் பெற்றார்.

46 வருடம் கழித்து, 1900 அக்டோபரில், பாரிஸின் ஒரு மலிவு விடுதியில், அறை வாடகைகூடக் கட்ட முடியாமல் வேறு பெயரில் தங்கியிருந்த ஒருவருக்கு, அந்த அறையிலேயே காதில் அறுவை நடந்தது. விடுதிக்காரருக்கு அவர் மெல்மாத் என்ற பெயரில் அறிமுகம். உண்மைப் பெயரைச் சொன்னால் லண்டனில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மீதிப்பேர் சிரித்தபடி அவருடைய நாடக வசனத்தைச் சொல்வார்கள்.

அவர் யாருடைய பிள்ளை என்று ஊகித்திருப்பீர்கள். காது வைத்தியரின் வீட்டுக் காது எப்படி அந்த விடுதிக் கட்டில் வரை போனது?

(தொடரும்)